தொடக்கப் பள்ளியின் ஒரு மாதம்: எதை வைப்பது, எதை விடுவது?

தொடக்கப் பள்ளி ஒன்றின் தலைமை ஆசிரியராகப் புதிதாகப் பொறுப்பேற்றிருப்பதாகவும், மாதந்தோறும் வெளியிடும் நிகழ்ச்சி அட்டவணை சிறப்பு நாள்களாலும் போட்டிகளாலும் விழாக்களாலும் நிரம்பி வழிவதாகவும், இத்தனைக்குப் பிறகும் பெற்றோர் பள்ளியை விட்டு விலகியே நிற்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அட்டவணையில் எதைச் சேர்ப்பது, எதைக் கழிப்பது, சுற்றியிருப்பவர்களை எப்படி உள்ளே அழைத்துவருவது என்பவை உங்கள் கேள்விகள். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாதம் முழுவதும் மெதுவாக நடக்கும் ஒரே ஒரு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். மாத இறுதியில் பெற்றோர் வந்து அதைப் பார்க்கும்படி ஒரு கூடுகையை வையுங்கள். மற்றவற்றில் பெரும்பாலானவற்றைத் தயங்காமல் விட்டுவிடுங்கள்.

ஏன் இவ்வளவு கறாராகச் சொல்கிறேன் என்பதற்கு எளிய கணக்கு ஒன்று போதும். ஒரு மாதத்தில் பள்ளி நடக்கும் நாள்கள் ஏறத்தாழ 20 முதல் 22. நாளுக்கு ஐந்து மணி நேரம் பாடம் என்று வைத்தால் கையில் இருப்பது சுமார் 100 மணி நேரம். மேடையில் இரண்டு மணி நேரம் நடக்கும் விழாவுக்கு இரண்டு வாரம், நாளுக்கு ஒரு மணி நேரம் ஒத்திகை என்றால், விழாவையும் சேர்த்து 12 மணி நேரம் போய்விடுகிறது. மாதத்தில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு. அந்த ஒத்திகையில் ஆடுவதும் பாடுவதும் இருபது முப்பது பிள்ளைகள்தான். மற்றவர்கள், ஆசிரியர் ஒத்திகைக்குப் போய்விட்டதால், பார்த்து எழுதும் வேலை கொடுக்கப்பட்டு வகுப்பில் உட்கார்ந்திருப்பார்கள். ஆண்டுக்கு ஒருமுறை இப்படி நடப்பதில் குற்றமில்லை. மேடை ஏறும் பழக்கமும் பிள்ளைகளுக்கு வேண்டியதுதான். மாதத்துக்கு ஒரு விழா என்பதுதான் தாங்காது.

சிறப்பு நாள்களின் கதையும் இதுவே. அக்டோபர் மாதத்தை மட்டும் பாருங்கள்: 5ஆம் தேதி உலக ஆசிரியர் நாள், 15ஆம் தேதி உலகக் கைகழுவும் நாள், 16ஆம் தேதி உலக உணவு நாள், 24ஆம் தேதி ஐக்கிய நாடுகள் நாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பேச்சு, ஒரு சுவரொட்டி, ஓர் உறுதிமொழி என்று வைத்தால் மாதம் முடியும்போது பிள்ளைகள் நான்கு உறுதிமொழிகளைச் சொல்லியிருப்பார்கள், ஒன்றும் நினைவில் இருக்காது. மாதத்துக்கு ஒரு நாளைத் தேர்ந்தெடுத்து, அதைப் பள்ளியின் அன்றாட நடைமுறையில் ஏதாவது ஒன்றை மாற்றுவதற்கான காரணமாகப் பயன்படுத்துவதே பயனுள்ளது.

கைகழுவும் நாளையே எடுத்துக்கொள்வோம். 2008 முதல் கடைப்பிடிக்கப்படும் இந்த நாளில் பெரும்பாலான பள்ளிகளில் நடப்பது சோப்பு நுரையோடு ஒரு படம் எடுத்துக்கொள்வது. பள்ளிக்கு உண்மையில் இருக்கும் சிக்கல் வேறு. கையை ஈரமாக்கிச் சோப்புப் போட்டுத் தேய்த்து அலசி முடிக்க 40 முதல் 60 வினாடி ஆகும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. உங்கள் பள்ளியில் 120 பிள்ளைகளும் 10 குழாய்களும் இருந்தால் ஒரு குழாய்க்கு 12 பேர். ஆளுக்கு 40 வினாடி என்றாலே வரிசை முடிய எட்டு நிமிடம். எல்லா வகுப்புக்கும் ஒரே நேரத்தில் உணவு மணி அடித்தால் கடைசியில் நிற்கும் பிள்ளை விரல் நுனியை நனைத்துக்கொண்டு ஓடிவிடும். அதற்கு அறிவுரை சொல்லிப் பயனில்லை. இரண்டு வகுப்புகளுக்கு மணியை ஐந்து நிமிடம் முன்னால் அடியுங்கள். ஒவ்வொரு காலையும் குழாயடியில் சோப்பு இருக்கிறதா என்று பார்த்துக் குறிக்க இரண்டு பிள்ளைகளை நியமியுங்கள். 16ஆம் தேதியும் அதற்குப் பிறகும் சோப்பு அங்கே இருந்தால் 15ஆம் தேதி கொண்டாடப்பட்டதாக அர்த்தம்.

இனி மாதம் முழுவதும் நடக்கும் வேலைக்கு வருகிறேன். இதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் முதலில் பரிந்துரைப்பது நிலவைப் பார்ப்பது. செலவில்லை, கருவியில்லை, ஓர் அமாவாசையிலிருந்து அடுத்த அமாவாசை வரை ஆகும் சுமார் 29 நாள் 12 மணி நேரம் உங்கள் மாதத்தோடு அச்சாகப் பொருந்துகிறது. அமாவாசைக்கு இரண்டு மூன்று நாள் கழித்துத் தொடங்குங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் 30 வட்டங்கள் அச்சிட்ட ஒரு தாள். பார்த்த அன்று அந்த வட்டத்தில் ஒளிராத பகுதியைக் கரிக்கோலால் நிரப்ப வேண்டும். முதல் வகுப்புப் பிள்ளை வடிவத்தை மட்டும் வரையட்டும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை நேரத்தையும் திசையையும் சேர்த்து எழுதட்டும். நிலவு நாளுக்கு நாள் சராசரியாக 50 நிமிடம் தாமதமாக உதிக்கிறது என்பதைப் புத்தகம் சொல்லித் தெரிவதற்கு முன் தங்கள் தாளிலிருந்தே கண்டுபிடிக்கும் பிள்ளைகள் இருப்பார்கள்.

இந்த வேலையின் அழகு அதன் கால அமைப்பில் இருக்கிறது. முதல் வாரத்தில் பிறை மாலையில் மேற்கே தெரியும். அப்போது பள்ளி விட்டிருக்கும். எனவே வீட்டில் யாராவது ஒருவர் பிள்ளையோடு வாசலுக்கு வந்துதான் ஆக வேண்டும். வீட்டுப்பாடத்தில் உதவ முடியாத, எழுதப் படிக்கத் தெரியாத தாத்தா பாட்டிக்கும் இதில் இடம் உண்டு. திதியும் பிறையும் அவர்களுக்கு அத்துப்படியாக இருக்கக்கூடும். அமாவாசை கழிந்த ஏழாம் நாளை ஒட்டி அரைநிலவு நண்பகல் வாக்கில் உதித்து, பள்ளி விடும் நேரத்தில் கிழக்கு வானத்தில் ஏறிக்கொண்டிருக்கும். பௌர்ணமி கழிந்து ஒரு வாரம் ஆனதும் ஆட்டம் தலைகீழாகிவிடும்: நள்ளிரவில் உதிக்கும் தேய்பிறை அரைநிலவு காலை ஒன்பது மணிக்கு மேற்குப் பக்கத்து வானத்தில், பகல் வெளிச்சத்திலேயே, வெளுத்துத் தெரியும். காலை வழிபாட்டுக்கு நிற்கும் இடத்திலிருந்தே அதைக் காட்டலாம். நிலவு இரவில் மட்டுமே வரும் என்று நம்பிக்கொண்டிருக்கும் பிள்ளைகளின் முகத்தை அன்று பார்க்க வேண்டும். கூட நிற்கும் பெரியவர்களில் சிலரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். மாதக் கடைசியில் பிறை சூரியனுக்கு அருகில் வந்துவிடுவதால் அந்த நாள்களில் பகலில் நிலவைத் தேடச் சொல்லக் கூடாது. சூரியனை நேராகப் பார்ப்பது கண்ணுக்குக் கேடு.

மேகம் மூடிய நாளில் என்ன செய்வது என்ற கேள்வி கட்டாயம் வரும். வட்டத்தைக் காலியாக விட்டு, பக்கத்தில் ‘மேகம்’ என்று எழுதச் சொல்லுங்கள். பக்கத்துப் பிள்ளையின் தாளைப் பார்த்து நிரப்பவோ ஊகித்து வரையவோ விடாதீர்கள். பார்க்காததைப் பார்த்ததாக எழுதக் கூடாது என்ற அறிவியலின் முதல் ஒழுக்கம் எட்டு வயதுப் பிள்ளைக்கு இந்தக் காலி வட்டத்தில் புரிந்துவிடும். நிலவு தேய்வது பூமியின் நிழல் விழுவதால்தான் என்ற தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. நிழல் விழுவது சந்திர கிரகணத்தின்போது மட்டும். இருட்டறையில் ஒரே ஒரு விளக்கை ஏற்றி வைத்து, பிள்ளை ஒரு வெள்ளைப் பந்தைக் கை நீட்டித் தலைக்குச் சற்று மேலே பிடித்தபடி நின்ற இடத்திலேயே மெல்லச் சுற்றினால், பந்தின் மேல் பிறை வளர்ந்து முழுமையாகித் தேய்வதைத் தன் கண்ணாலேயே பார்த்துவிடும். இதை மூன்றாம் வாரத்தில் செய்யுங்கள். முதல் நாளே செய்துவிட்டால் விடை கையில் கிடைத்துவிடும், தாளில் ஆர்வம் போய்விடும்.

வானம் அதிகம் மூடியிருக்கும் பருவமென்றால் விதைக்கு மாறலாம். இரவு முழுக்க ஊறவைத்த அவரை விதையை இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழத்தில் ஊன்றினால், குளிர் அதிகமில்லாத இடத்தில் ஒரு வாரத்துக்குள் முளை தெரியும். மாத முடிவில் பல இலைகளோடு நிற்கும். ‘குழந்தைகளின் தோட்டம்’ என்று பொருள்படும் பெயரைத் தன் பள்ளிக்கு 1840இல் சூட்டிய ஜெர்மானியக் கல்வியாளர் ஃபிரோபெல், அங்கே பிள்ளைக்கு ஒரு பாத்தி என்று பிரித்துக் கொடுத்தார். தன்னுடையது என்று ஒன்று இருந்தால்தான் பிள்ளை அதைத் தினமும் போய்ப் பார்க்கும். ஒரு தொட்டியை மட்டும் அலமாரிக்குள் இருட்டில் வைத்து, எது உயரமாக வளரும் என்று முன்கூட்டியே எழுதச் சொல்லுங்கள். ஏறக்குறைய எல்லோரும் வெயிலில் இருப்பது என்றுதான் எழுதுவார்கள். பத்து நாளில் அலமாரியைத் திறந்தால், வெளிறிப்போய், மெலிந்து, ஆனால் வெளியில் இருப்பதைவிட நெடிதாக ஒரு செடி நிற்கும். வெளிச்சத்தைத் தேடி அது தன் சேமிப்பையெல்லாம் உயரத்தில் செலவிட்டிருக்கிறது. விதையிலிருந்த உணவு தீர்ந்ததும் வாடிவிடும். கணக்கு தவறிப்போன இடத்தில்தான் வகுப்பில் பேச்சு சூடு பிடிக்கும்.

பெற்றோர் விலகி நிற்பதற்கு வருவோம். பள்ளி அவர்களை எதற்கெல்லாம் அழைக்கிறது என்று ஒருமுறை பட்டியல் போட்டுப் பாருங்கள்: பணம் கட்ட, புகார் கேட்க, கைதட்ட. இந்த மூன்றைத் தாண்டி வேறு வேலை இல்லாத இடத்துக்கு யாரும் விரும்பி வருவதில்லை. ஒரே மாலையில் எல்லாப் பெற்றோரையும் அழைக்கும் கூட்டம் நடைமுறையில் தோற்பதற்கும் கணக்கே காரணம். 30 பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஆளுக்குப் பத்து நிமிடம் என்றால் 300 நிமிடம், முழுதாக ஐந்து மணி நேரம். அது முடியாது என்பதால் ஆளுக்கு இரண்டு நிமிடமாகச் சுருங்கி, மதிப்பெண் தாளைக் காட்டிக் கையெழுத்து வாங்குவதோடு முடிந்துவிடுகிறது. மாறாக நாளுக்கு இரண்டு பெற்றோர், ஒருவர் பள்ளி தொடங்குவதற்கு முன், ஒருவர் பள்ளி விட்ட பின் என்று வைத்தால் 15 வேலை நாளில் வகுப்பு முழுவதும் முடிந்துவிடும். வேலைக்குப் போகிறவர்களுக்குக் காலை நேரத்தைக் கொடுங்கள். அவர்களில் பலருக்கு அரை நாள் விடுப்பு என்பது அரை நாள் கூலி.

அந்தப் பத்து நிமிடத்தை எப்படித் தொடங்குவது என்பதில் நான் பிடிவாதமாக இருப்பேன். பிள்ளையின் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்து, “இந்தப் பக்கத்தைப் பாருங்கள், போன மாதம் இவளுக்கு இந்தக் கழித்தல் வரவில்லை, இப்போது தானாகவே போடுகிறாள்” என்று ஒரு குறிப்பிட்ட இடத்தைக் காட்டித்தான் பேச்சைத் தொடங்க வேண்டும். “நல்ல பிள்ளை, கொஞ்சம் கவனம் போதாது” என்ற பேச்சு எந்தப் பெற்றோருக்கும் எதையும் சொல்வதில்லை. பிறகு வீட்டில் பிள்ளை எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டு ஆசிரியர் வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும். தம்பி பிறந்திருப்பது, வீடு மாறியிருப்பது, இரவில் தூக்கமில்லாதது என்று வகுப்பில் புரியாமல் இருந்த பலவற்றுக்குக் காரணம் அந்த மௌனத்தில் வெளிவரும். அச்சிட்ட சுற்றறிக்கையைப் படிக்க இயலாதவர்கள் இருந்தால் அதே செய்தியை அரை நிமிடக் குரல் பதிவாக அனுப்புங்கள். வீட்டில் பேசும் மொழி வேறாக இருந்தால் அந்த மொழி தெரிந்த இன்னொரு பெற்றோரைப் பேசச் சொல்லுங்கள்.

அடுத்தது, பெற்றோரின் தொழிலை வகுப்புக்குள் கொண்டுவருவது. வாரத்துக்கு ஒருவர், 20 நிமிடம் போதும். தையல்காரர், கொத்தனார், செவிலியர், ஓட்டுநர் என்று யாராக இருந்தாலும் தங்கள் கருவி ஒன்றைக் கொண்டுவரட்டும். சொற்பொழிவு வேண்டாம், முந்தின நாளே பிள்ளைகள் கூடித் தீர்மானித்த மூன்று கேள்விகளுக்குப் பதில் சொன்னால் போதும். கொத்தனார் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு வகுப்புச் சுவர் நேராக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லும் ஐந்து நிமிடத்தில் கணக்கும் அறிவியலும் சேர்ந்தே வந்துவிடும். தன் தந்தையைச் சூழ்ந்து வகுப்பு முழுவதும் நிற்பதைப் பார்க்கும் பிள்ளைக்குக் கிடைப்பதை எந்தப் பரிசளிப்பு விழாவாலும் கொடுக்க முடியாது. ஒரு நிபந்தனை மட்டும் தளரக் கூடாது. வருபவர் யாராக இருந்தாலும், எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும், வருகைப் பதிவேட்டில் எழுதிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். ஆசிரியர் இல்லாமல் பிள்ளைகளோடு தனியாக இருக்க விடக் கூடாது.

பள்ளிக்கு வரும் வழியையும் மறந்துவிடாதீர்கள். 1990களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியரான டேவிட் எங்விக்ட் முன்வைத்த ‘நடைப் பேருந்து’ என்ற யோசனை பல நாடுகளில் நடைமுறையில் இருக்கிறது: குறித்த நேரத்தில், குறித்த நிறுத்தங்களில் நின்று, பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டே இரண்டு பெரியவர்கள் பள்ளி வரை நடந்து வருவது. முறை போட்டுக்கொண்டால் ஒரு பெற்றோருக்கு வாரத்தில் ஒரு காலைதான் வேலை. கூட்டத்துக்கு வராத பெற்றோர் இதற்கு வருவார்கள், ஏனென்றால் மற்ற நான்கு காலைகள் அவர்களுக்கு மிச்சமாகின்றன.

பிள்ளைகளுக்கும் அட்டவணையில் ஒரு குரல் வேண்டும். 1989 நவம்பர் 20 அன்று ஐக்கிய நாடுகள் பொது அவை ஏற்ற குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 12ஆம் பிரிவு, தங்களைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லும் உரிமையையும், 31ஆம் பிரிவு ஓய்வுக்கும் விளையாட்டுக்குமான உரிமையையும் பிள்ளைகளுக்குத் தருகிறது. வாரத்துக்கு 20 நிமிடம் வகுப்புக் கூட்டம் வைத்து, ஒரு பிள்ளை நடத்த, ஒரு பிள்ளை குறிப்பெழுத, முடிவெடுக்கும் அதிகாரமுள்ள ஏதாவது ஒரு சிறு விஷயத்தை அவர்களிடம் விட்டுவிடுங்கள்: பந்து எந்த வகுப்புக்கு எந்த நாள், நூலக மூலையில் யார் பொறுப்பு என்பது போல. சுத்தம் செய்வதையும் முறை வைத்துச் செய்யலாம். ஜப்பானியப் பள்ளிகளில் வகுப்பறையையும் நடைவழியையும் மாணவர்களே துடைப்பது அன்றாடப் பழக்கம். அங்கே அது எல்லோருக்கும் உரிய வேலை. தண்டனையாகவோ, சில பிள்ளைகளுக்கு மட்டும் விழும் வேலையாகவோ ஆகிவிட்டால் அதன் பொருளே மாறிவிடும்.

விளையாட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 5 முதல் 17 வயதுள்ளவர்களுக்கு நாளுக்குச் சராசரியாக 60 நிமிட உடல் இயக்கம் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அதை ஆண்டு விளையாட்டு விழா ஈடு செய்யாது. பின்லாந்தில் 45 நிமிடப் பாடத்துக்குப் பின் 15 நிமிட இடைவேளை விடுவது வழக்கம். அவ்வளவு இயலாவிட்டாலும், இடைவேளையைத் தண்டனையாகப் பறிக்கும் வழக்கத்தையாவது இந்த மாதமே நிறுத்திவிடலாம். போட்டி என்றால் முதல் சுற்றிலேயே தோற்ற பிள்ளை மீதி நேரமெல்லாம் ஓரமாக உட்கார்ந்திருக்கும். அதனால் ஆறு இடங்களில் ஆறு விளையாட்டுகளை வைத்துக் குழுக்கள் சுற்றிவரும்படி செய்வது தொடக்கப் பள்ளிக்குப் பொருத்தம். தீயணைப்பு, வெளியேற்றப் பயிற்சியையும் மாதத்தில் ஒருமுறை பத்து நிமிடத்தில் முடித்துவிடலாம். வருகைப் பதிவேட்டை யார் எடுத்துக்கொண்டு வெளியே வருவது என்பது மட்டும் முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

புகைப்படத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. இப்போது பல நிகழ்ச்சிகள் படத்துக்காகவே நடக்கின்றன. பிள்ளைகள் விதை ஊன்றுவதைப் பாதியில் நிறுத்திவிட்டுத் திரும்பிச் சிரிக்கிறார்கள். ஆவணத்துக்கு இரண்டு படம் போதும். பெற்றோரின் எழுத்துபூர்வ ஒப்புதல் இல்லாமல் பிள்ளையின் முகத்தை எங்கும் வெளியிடாதீர்கள்.

மாத இறுதிக் கூடுகை மேடையில்லாமல் நடக்கட்டும். வகுப்பறையில் மேசைகளைச் சுவரோரம் தள்ளி, ஒவ்வொரு பிள்ளையும் தன் நிலவுத் தாளோடோ செடியோடோ நிற்க, பெற்றோர் ஒவ்வொருவரிடமும் போய்க் கேட்டுத் தெரிந்துகொள்ளும்படி ஒரு மணி நேரம். முதல் அரை மணி பாதிப் பேர் விளக்க, மீதிப் பேர் பெரியவர்களோடு சுற்றிப் பார்க்கட்டும், பிறகு மாற்றிக்கொள்ளட்டும். பரிசு வேண்டாம், சிறப்பு விருந்தினரின் உரையும் வேண்டாம். கூச்சமுள்ள பிள்ளை நூறு பேர் முன்னால் பேசாது. ஆனால் தன் தாளைக் காட்டி ஒருவரிடம் பேசும், அதையே பத்துப் பேரிடம் பேசிப் பேசிக் கடைசியில் நன்றாகவே பேசும். பெற்றோர் வராத பிள்ளைகள் எப்போதும் சிலர் இருப்பார்கள். அவர்களிடம் போய் நிற்க வேண்டியவர்கள் யார் என்பதை ஆசிரியர்கள் முந்தின நாளே பிரித்துக்கொள்ள வேண்டும். சமையல் பணியாளரும் காவலாளியும் அந்தப் பட்டியலில் இருக்கலாம்.

கடைசி வேலை நாளில் ஆசிரியர்கள் அரை மணி நேரம் உட்கார்ந்து, வருகைப் பதிவேட்டை எடுத்து, இந்த மாதம் ஏதாவது ஒரு பொறுப்பில் இருந்த ஒவ்வொரு பிள்ளையின் பெயருக்கு எதிரிலும் ஒரு குறி போடுங்கள்: சோப்புப் பார்த்தவர், குறிப்பெழுதியவர், விருந்தினரைக் கேள்வி கேட்டவர் என்று. சில பெயர்களுக்கு எதிரில் நான்கு குறிகள் விழும். பத்துப் பன்னிரண்டு பெயர்களுக்கு எதிரில் ஒன்றுமே இருக்காது. அடுத்த மாத அட்டவணையைக் குறியில்லாத அந்தப் பெயர்களிலிருந்து எழுதத் தொடங்குங்கள்.